தீர்ப்பு சொல்வதை நிறுத்திய ஜட்ஜம்மா

எங்கள் பள்ளியின் மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் ஜட்ஜம்மா. அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கோபப்படவில்லை, பட்டம் கிடைத்ததுபோல் உள்ளூர மகிழ்ந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். எந்த வகுப்பில் அடிதடி நடந்தாலும் வழக்கு அவரிடம் போகும். இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்ப்பார். யார் சட்டை கசங்கியிருக்கிறது, யார் கண்ணைத் தாழ்த்துகிறான் என்று ஒரு கணிப்பு. அரை நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும். ஒருவன் சுவரைப் பார்த்து நிற்பான், மற்றவன் இடத்தில் போய் உட்காருவான். பக்கத்து அறையில் நான்காம் வகுப்பு எடுக்கும் எனக்கு அந்த வேகத்தின் மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அவர் வேலைக்கு வந்த பதினெட்டாம் வருடம், ஒரு ஓவிய நோட்டு கிழிந்தது. ஒரே பெஞ்சில் இரண்டு சிறுமிகள். நோட்டுக்குச் சொந்தக்காரி தேம்பித் தேம்பி அழுதாள். பக்கத்தில் இருந்தவள் ஏற்கெனவே துடுக்குக்காரி என்று பெயர் எடுத்தவள். டீச்சர் யோசிக்கவே இல்லை. துடுக்குக்காரிக்கு ஒரு வாரம் விளையாட்டு கிடையாது என்று சொல்லிவிட்டார்.

பத்து நாள் கழித்து, அழுத சிறுமியின் அம்மா வேறு ஏதோ வேலையாக வந்தவர் பேச்சுவாக்கில் சொன்னார், வீட்டில் கைக்குழந்தை நோட்டைக் கிழித்துவிட்டதாம், திட்டு விழும் என்று பெரியவள் அதை அப்படியே மறைத்துப் பைக்குள் வைத்துக் கொண்டுபோய்விட்டாளாம். டீச்சரின் முகம் சுண்டிப்போயிற்று. துடுக்குக்காரியைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, நீ கிழிக்கலன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க கேக்கலையே டீச்சர்.”

குறையாகச் சொல்லவில்லை அந்தப் பெண். மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள். அதுதான் டீச்சரைப் போட்டுத் தாக்கியது.

எங்கள் இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்புதான். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். மறுநாள் காலை அவர் முழு வகுப்பின் முன்னால் நின்று, தான் விசாரிக்காமலே தண்டனை கொடுத்துவிட்டதாகவும், தப்பு முழுக்கத் தன்னுடையது என்றும் சொன்னதை நான் கேட்டேன். என் வகுப்புப் பிள்ளைகளும் கேட்டார்கள். ஒரு டீச்சர் இப்படிச் சொல்லி அவர்கள் அதற்கு முன் கேட்டதில்லை. உண்மையில் நானும் கேட்டதில்லை.

அந்த வாரமே ஜன்னலோரம் இரண்டு சின்ன நாற்காலிகள் வந்தன. சண்டை போட்டவர்கள் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவன் பேசுவான், மற்றவன் வாயைத் திறக்கக் கூடாது. தன் முறை வந்ததும், முதலில் அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். “ஆமா, அதான்” என்று எதிராளி ஒப்புக்கொண்ட பிறகே சொந்தக் கதையை ஆரம்பிக்கலாம். கடைசியில் இரண்டு பேருமாக ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும். டீச்சர் பக்கத்தில் இருப்பார், தீர்ப்பு மட்டும் சொல்ல மாட்டார்.

முதல் மாதம் கூத்துதான். நாற்காலியில் உட்காரும் ஆசையிலேயே வரிசையில் நின்றார்கள். கணக்குப் பாடத்தைத் தட்டிக்கழிக்க இரண்டு நண்பர்கள் பொய்ச் சண்டை போட்டு மாட்டிக்கொண்டார்கள். இன்னும் சிலர் “சாரி” என்ற ஒரு வார்த்தையில் கதையை முடித்துக்கொண்டு, எழுந்து போகும்போது மறுபடி கிள்ளினார்கள். டீச்சர் அந்த வார்த்தைக்கே தடை போட்டார். சாரி வேண்டாம், இப்போது என்ன செய்யப்போகிறாய் என்று சொல், அது போதும் என்றார். சண்டை இல்லாத நாளிலும் பயிற்சி உண்டு. கோபம் உடம்பில் முதலில் எங்கே வருகிறது என்று கேட்பார். ஒருத்தி காது சுடுகிறது என்றாள். ஒருவன் வயிறு என்றான். ஒரு பொடியன் கால் கட்டைவிரல் என்றான். யாரும் சிரிக்க அவர் விடவில்லை. அது வந்தவுடன் கையை ஓங்காமல் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று வைத்தார். பாடம் எப்போது முடியும் என்று தலைமையாசிரியை முகம் சுளித்தார். இவர் தன் சாப்பாட்டு இடைவேளையில் பதினைந்து நிமிடத்தை விட்டுக்கொடுத்தார்.

ஒரு நாள் லாரி டிரைவர் ஒருவர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். அவருடைய மகனைப் பெரிய வகுப்புப் பையன் ஒருவன் பஸ்ஸில் தினமும் குட்டிக்கொண்டிருந்தான்.

“திருப்பி அடிக்காதேன்னு சொல்லிக்குடுக்குறீங்களாமே. வெளியில போனா இவனை எல்லாரும் ஏறி மிதிச்சிட்டுப் போவாங்க.”

டீச்சர் அவரைக் குழந்தைகளின் நாற்காலியில் உட்காரவைத்து எதிரே உட்கார்ந்தார். முழங்கால் தாடையை இடிக்க இரண்டு பெரியவர்கள்.

“உங்க பையன் காலம் பூரா அடிவாங்குறவனா ஆயிடுவானோன்னு பயப்படுறீங்க. நான் சரியாப் புரிஞ்சுக்கிட்டேனா?”

 “ஆமா, பயந்தான்” என்றார் அவர். சின்ன வயதில் தானும் தினமும் அடிவாங்கியதையும், ஒரு நாள் திருப்பி அடித்ததில் ஒருவன் பல் உடைந்து, தன் படிப்பு அதோடு நின்றதையும் அவராகவே சொன்னார். டீச்சர் வாதாடவில்லை. பொறுத்துப் போ என்று நான் சொல்லிக்கொடுப்பதில்லை, ‘நிறுத்து’ என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லவும், அப்படியும் நிற்காவிட்டால் பெரியவர்களிடம் வரவும்தான் பழக்குகிறேன், உங்கள் பையனுக்கு இன்னும் குரல் எழும்பவில்லை, ஒரு மாதம் கொடுங்கள் என்றார். குட்டுகிற பையனின் வகுப்பு டீச்சரிடமும் அன்றைக்கே போய்ப் பேசினார்.

மூன்று வாரத்தில் லாரிக்காரர் மறுபடி வந்தார். அவர் மகன் பஸ்ஸில் “நிறுத்து” என்று போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக் போட்டு பஸ்ஸையே நிறுத்திவிட்டாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். குட்டுவது அன்றோடு நின்றது.

அடுத்த வருடம் டீச்சருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. இரண்டு வாரம் இரண்டு வகுப்பும் என் தலையில். மூன்றாம் நாளே பந்து விளையாட்டில் கோலா இல்லையா என்று ரகளை. என் வகுப்புப் பையன் தள்ளிவிட்டதில் மூன்றாம் வகுப்புக் கோல்கீப்பருக்கு முழங்கை சிராய்ந்திருந்தது. நான் கத்த வாயெடுப்பதற்குள் பிள்ளைகள் நாற்காலிகளை வெளியே தூக்கிவந்துவிட்டார்கள். என் வகுப்புப் பையன் அந்த வருடம்தான் பள்ளிக்குப் புதிதாக வந்தவன், முறை தெரியாது. கோல் இல்லை என்று அவன் பொய் சொல்கிறான் என்றே திருப்பிச் சொன்னான். சுற்றி நின்றவர்கள், அவன் சொன்னது அதில்லை, இன்னொரு தடவை கேள் என்றார்கள். மூன்றாவது முறைதான் அவனுக்கு உறைத்தது.

“நீ கோலைப் பத்திப் பேசவே இல்ல. நான் தள்ளினது வலிச்சுதுன்னு சொல்ற.”

“ஆமா, அதான்.”

அவனே கூட்டிப்போய் முழங்கையைக் கழுவிவிட்டான். ஆட்டத்தை நடுக்கோட்டிலிருந்து மறுபடி தொடங்குவது என்று முடிவானது. நான் செய்த ஒரே வேலை, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தது. பதினைந்து வருடம் கத்தி நான் சாதிக்காததை எட்டு வயதுப் பிள்ளைகள் ஏழு நிமிடத்தில் முடித்தார்கள்.

அன்று மாலையே டீச்சர் வீட்டுக்குப் போனேன். இரண்டு வாரமும் பேசக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. மோட்டார் ரிப்பேர் செய்யும் அவர் கணவர் காபி கொண்டுவந்து வைத்து, “கல்யாணமாகி இருபது வருஷத்துல இப்பதான் சார் நான் ஒரு பேச்சை முழுசாப் பேசி முடிக்கிறேன்” என்றார். டீச்சர் முறைத்தார், சிரித்தார். நான் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். பந்துக்குச் சொந்தக்காரப் பொடியன் மட்டும் பாதியில் பந்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று கடைசியில் சொல்லிவைத்தேன். டீச்சர் காகிதத்தை இழுத்து எழுதினார்: ‘அவனுக்கு என்ன வருத்தமாம்?’

எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மணி அடிக்கும் முன்பே அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன். நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னான், “பந்து என்னோடது சார். ஆனா ஒரு நாள்கூட என்னைச் சேர்த்துக்கல.”

அவன் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். தலையாட்டினான். பிறகு இரண்டு வகுப்பையும் கூப்பிட்டு அவனையே சொல்லவைத்தேன். அன்று மத்தியானம் அவன்தான் கோல்கீப்பர். ஐந்து கோல் விட்டான். ஒருவரும் சண்டைக்குப் போகவில்லை.