நான் பார்த்ததாக எழுதியிருந்த பேப்பர்

அன்று மத்தியானம் இஸ்திரி வண்டியின் பக்கத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். இஸ்திரிக்கார அண்ணன். அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த அண்ணி. எதிரே பேக்கரி வைத்திருந்த மலையாளத்துக்காரர். காக்கி உடுப்பில் ஒரு போலீஸ், சாதாரணச் சட்டையில் ஒரு போலீஸ். பிறகு நான், வண்டிக்குப் பக்கத்தில் ஒற்றை மிஷின் போட்டு, கிழிசல் தைத்து, பேண்ட் உயரம் குறைத்துப் பிழைக்கிறவள். எத்தனையோ முறை எண்ணிப் பார்த்துவிட்டேன், ஆறு பேர்தான். கோர்ட்டுக்குப் போன பேப்பரில் மட்டும் ஒன்பது பேர். ஒரு இன்ஸ்பெக்டர், ஒரு மேலதிகாரி, தராசோடு ஒருவர் என்று மூன்று பேர் கூடியிருந்தார்கள். அந்தப் பேப்பரின் அடியில் என் கையெழுத்தும் இருந்தது.

தொம்மலூரில் எங்கள் சந்துக்குச் சுற்றிலும் ஆபீஸ்களும் பிஜி ஹாஸ்டல்களும் முளைத்த பிறகு அண்ணனுக்கு நல்ல ஓட்டம். காலையில் வேலைக்கு ஓடுகிறவர்கள் நிற்க மாட்டார்கள். துணியை வண்டிக்குக் கீழே தள்ளிவிட்டு, ஒரு கையை ஆட்டிவிட்டுப் போவார்கள். அண்ணன் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான் ரசீது. முறை வரும்வரை எந்த மூட்டையையும் அவிழ்க்க மாட்டார். மற்றவர்கள் துணியை அவசியமில்லாமல் தொடுவது மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம். எனக்கோ சும்மாவே பயம். துணி தொலைந்துவிட்டால் என்ன செய்வார், யாராவது சண்டைக்கு வந்தால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். "டெய்லரம்மா, உன் மிஷினு ஓடறத விட உன் மனசுதான் ஜாஸ்தி ஓடுது. அதுக்குக் கொஞ்சம் எண்ணெ போடு" என்பார். எதிர்க்கடைக்காரரிடம், "இவங்களுக்குப் பயப்படறதுக்குத் தனியா சம்பளம் வருது சார்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்த நீலப் பையை யார் வைத்தது என்று எனக்குத் தெரியும். பின்தெரு பிஜியில் இருந்த ஒரு ஆள், கண்ணாடி போட்டவர். மூன்று நாளைக்கு முன்னால் என் கண்ணெதிரே கீழே தள்ளிவிட்டு, "சண்டே வாங்கிக்கறேண்ணா" என்று சொல்லிப் போனார். போலீஸ்காரர்கள் மற்ற மூட்டைகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக அந்தப் பையிடம் வந்தார்கள். மேலே இரண்டு சட்டை, அடியில் டேப் சுற்றிய பொட்டலம். கஞ்சா என்றார்கள். "சார், இது அவர்து இல்ல, அந்தப் பிஜி ஆளு வெச்சது" என்று நான் வாயைத் திறந்தேன். சாதாரணச் சட்டை போட்டவர் என்னைப் பார்த்து, "நீவு கூட அவர ஜொத்தேனா?" என்றார். நீயும் அவனோடு சேர்ந்தவளா என்று அர்த்தம். வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு மூடிய வாய்தான்.

அண்ணனைப் பிடித்துக்கொண்டு போன பிறகு, சாயங்காலம் என்னையும் பேக்கரிக்காரரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். பிடித்த இடத்தில் என்ன நடந்தது என்று எழுதுகிற பேப்பருக்கு மஹஜர் என்று பெயர். அதற்கு வெளி ஆள் இரண்டு பேர் சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டுமாம். நாலு பக்கம், எல்லாம் கன்னடம். நான் பிறந்ததே இந்த ஊரில்தான், கன்னடத்தில் சண்டைகூடப் போடுவேன், ஆனால் படிக்கத் தெரியாது. தமிழ் ஸ்கூலில் ஏழாவதோடு நிறுத்திவிட்டார்கள். எங்கள் சந்தில் பாதிப் பேர் இப்படித்தான். வாயில் இரண்டு பாஷை, கண்ணுக்கு ஒன்று. "சும்னே ஃபார்மாலிட்டி, சைன் மாடம்மா" என்றார்கள், சும்மா ஒரு முறைக்குத்தான், கையெழுத்துப் போடு என்று. போட்டேன். படித்துக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கலாம். ஏழாவது வரைதான் படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் காது சூடாகிறது.

கேஸ் நடக்கும்போது பேக்கரிக்காரர் கடையை விற்றுவிட்டு ஊரோடு போய்விட்டார். சம்மன் எனக்குத்தான் வந்தது. அரசாங்க வக்கீல் கேட்ட எல்லாவற்றுக்கும் "ஹௌது சார்", ஆமாம் சார் என்றேன். உங்கள் எதிரில் பையைத் திறந்தார்களா, ஹௌது. அங்கேயே எடை போட்டார்களா, ஹௌது. இல்லை என்று சொன்னால் கையெழுத்துப் பொய் என்று என்னைப் பிடிப்பார்கள் என்று நடுக்கம். பிறகு அண்ணனுடைய வக்கீல் எழுந்து, கையெழுத்து எங்கே போட்டீர்கள் என்றார். பதற்றத்தில் உள்ளது வந்துவிட்டது: ஸ்டேஷனில். படித்தீர்களா? எனக்குக் கன்னடம் படிக்க வராது. நீதிபதி நிமிர்ந்து, "இஷ்டு சென்னாகி மாத்தாட்தீரா, ஓதக்கே பரல்வா?" என்றார். இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள், படிக்க வராதா என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். பையை வைத்தது யார் என்று மட்டும் யாருமே கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு என்று போலீஸ்காரர்கள் முன்பே மிரட்டி வைத்திருந்தார்கள். கூண்டிலிருந்து அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முறைக்கவில்லை. துணி எப்போது கிடைக்கும் என்று கேட்டு நிற்கிறவர்களைப் போலப் பார்த்தார்.

நாலு வருஷம் தண்டனை, ஐம்பதாயிரம் அபராதம். கட்டாவிட்டால் மேலே ஆறு மாதம். அபராதம் கட்ட அண்ணி பெண்கள் சங்கத்தில் கடன் எடுத்தாள், அந்தக் கடனுக்கு நான் ஜாமீன் போட்டேன். கடன் பேப்பரை மூன்று தடவை படித்துக் காட்டச் சொன்னேன். சங்கத்துத் தலைவி, "ஏன்க்கா, நாங்க என்ன உன் கிட்னியவா எழுதி வாங்கறோம்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை.

ஹைகோர்ட்டில் இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலம்மா கிடைத்தார். அவர் காலில் விழாத குறையாகச் சொன்னேன்: "மேடம், நான் பொய் சொல்லிட்டேன். பைய வெச்சவன நான் பாத்தேன். என்னக் கூப்பிடுங்க, வந்து திருத்திச் சொல்றேன்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, அப்பீல்ல பொதுவா ஆள வெச்சிக் கேக்கமாட்டாங்க. கீழ் கோர்ட்ல பதிவானத வெச்சித்தான் எல்லாம். நீங்க அங்க சொல்லாதத நான் இங்க சொல்ல முடியாது." எனக்குத் தெரிந்த ஒரு விஷயம், ஒரு மனுஷன் இரண்டு வருஷத்துக்கு மேல் உள்ளே இருக்கும்போது, எங்கேயும் போய்ச் சேராமல் என் வாயிலேயே இருந்தது. எந்தக் கதவைத் தட்டினாலும், அதற்கு நேரம் முடிந்துவிட்டது என்றார்கள்.

கடைசியில் அண்ணனை விட்டார்கள். தீர்ப்பை வக்கீலம்மா வரிவரியாகத் தமிழில் சொன்னார். பொட்டலத்திலிருந்து மாதிரி எடுக்கும்போது மாஜிஸ்திரேட் இல்லை. மஹஜரில் எழுதிய எடையும் ஆய்வுக்கூடத்தில் வந்த எடையும் ஒத்துப்போகவில்லை. இரண்டாம் சாட்சி அங்கே எடை போட்டார்கள் என்கிறார், கையெழுத்தை ஸ்டேஷனில் போட்டேன் என்கிறார், படிக்கவும் தெரியாது என்கிறார், நம்பத்தக்கவர் அல்ல. ஆகவே சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை. அந்த நம்பத்தகாத இரண்டாம் சாட்சி நான்தான். என்னைப் பொய்க்காரி என்று எழுதித்தான் அவரை வெளியே விட முடிந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. "பைய வேற ஆளு வெச்சதுன்னு எழுதியிருக்குதா மேடம்?" என்று கேட்டேன். "இல்லம்மா. அவர் பண்ணலைன்னு எங்கயும் இல்ல. பண்ணார்னு நிரூபிக்கலைன்னுதான் இருக்கு." சந்துக்குள் அதையே பிடித்துக்கொண்டார்கள். சட்டத்தின் ஓட்டையில் நுழைந்து வந்துவிட்டான் என்றார்கள்.

அண்ணன் திரும்பவும் வண்டி போட்டார். ஆனால் யார் மூட்டை கொடுத்தாலும் அவர்கள் எதிரிலேயே அவிழ்த்து, ஒவ்வொரு சட்டையாக உதறி, பாக்கெட்டில் கைவிட்டுப் பார்த்த பிறகுதான் வாங்கினார். ஆபீசுக்குப் போகிறவர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? ஒவ்வொருவராக வராமல் நின்றுபோனார்கள். ஒருநாள் அடக்க முடியாமல், "என்னத் திட்டுங்கண்ணா, ரெண்டு வார்த்த திட்டிடுங்க" என்றேன். "உன்னத் திட்டினா நீ பத்து நாளு தூங்கமாட்டே, அப்புறம் என் பேண்டுக்கு யாரு ஜிப்பு வெப்பாங்க?" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை உதறினார். அவர் சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். அந்த வருஷமே அண்ணியோடு கிருஷ்ணகிரிப் பக்கம் போய்விட்டார்.

அபராதத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. அவருக்கு அவ்வளவு தூரம் வர முடியாது, அதனால் அதிகாரக் கடிதம் வாங்கிக்கொண்டு நான் கோர்ட் ஆபீசுக்கு அலைகிறேன். முதல் தடவை அசல் ரசீது கேட்டார்கள். அடுத்த தடவை தீர்ப்பின் நகலில் முத்திரை சரியில்லை என்றார்கள். அதற்கடுத்து, ஃபைல் வேறு செக்ஷனுக்குப் போயிருக்கிறது. போன வாரம் ஒரு புது ஃபாரத்தைத் தள்ளி, கீழே சைன் மாடம்மா என்றார்கள். இதில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்லுங்கள், எனக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது என்று வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கவுண்டரில் இருந்த அம்மா சலித்துக்கொண்டே படித்தாள். பணம் வந்து சேர்ந்தது என்பதற்கான ஒப்புகை அது. வராத பணத்துக்கு எப்படிப் போடுவது என்று கேட்டேன். முதலில் போட்டால்தான் பிறகு வரும் என்றாள். போடாமல் வந்துவிட்டேன். அண்ணனுக்கு இன்னும் வர வேண்டியது ஐம்பதாயிரம் ரூபாய்.