காப்ரா ஹிர்கஸ் என்றால் வெள்ளாடு

கறிக்கடைக்காரர் மேல் நம்பிக்கை போனவர்கள் கடைசியாக வந்து நிற்கும் இடம் எங்கள் கவுண்டர். மதுரையில் ஒரு தனியார் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் சாம்பிள் வாங்கி, ரசீது போட்டு, ரிப்போர்ட் கொடுப்பது என் வேலை. வங்கியிலோ ரேஷன் கடையிலோ கவுண்டரில் உட்கார்ந்து பிழைப்பவர்களுக்கு நான் சொல்வது புரியும்: நம்மிடம் சந்தேகத்தோடு வருகிறவர்கள் நம்மையும் அந்தச் சந்தேகத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

எங்கள் ரிப்போர்ட்டில் ஆடு, கோழி என்று எழுதுவதில்லை. எல்லாம் லத்தீன். வெள்ளாடு என்றால் காப்ரா ஹிர்கஸ். செம்மறி என்றால் ஓவிஸ் ஏரீஸ். படித்துத் தெரிந்துகொண்டவை இல்லை, திட்டு வாங்கி மனப்பாடம் ஆனவை.

நாட்டுக்கோழி

அலங்காநல்லூரிலிருந்து ஒரு அம்மா பஸ் பிடித்து வந்தார். பிள்ளை பெற்ற மகளுக்காக வாங்கிய நாட்டுக்கோழி வெந்த வேகத்தைப் பார்த்து அவருக்குச் சந்தேகம். தூக்குவாளியில் ஒரு துண்டு. ரிப்போர்ட்டில் கேலஸ் கேலஸ் என்று வந்தது. நாட்டுக்கோழிக்கும் பிராய்லருக்கும் லத்தீனில் ஒரே பெயர்தான், எங்கள் சோதனை அதற்கு மேல் சொல்லாது என்று விளக்கினேன். அந்த அம்மா உள்ளே இருந்த மெஷின்களை எட்டிப் பார்த்தார்.

“கோழியக் கொண்டாந்து குடுத்தா கோழின்னு சொல்றதுக்கு ஒரு ஆபீசு, அதுக்கு ஏசி வேறயா?”

வீட்டுக் குழம்பு

இந்த வேலையில் முதலில் கெடுவது வீட்டுச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை குழம்பில் எலும்பைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். கொழுப்பு அதிகமாகத் தெரிந்தால் ஓவிஸ் ஏரீஸ் என்று வாய் தானாக முணுமுணுக்கிறது. முப்பது வருடம் எனக்குச் சமைத்துப் போட்டவளின் தட்டிலும் சாம்பிளைத் தேடுகிறேனே, இது ஜாக்கிரதையா, இல்லை வியாதியா என்று பாதிச் சாப்பாட்டில் யோசனை வந்துவிடும். என் மனைவிக்கு அந்த யோசனையெல்லாம் கிடையாது.

“உப்பு இருக்கா இல்லியான்னு மட்டும் சொல்லுங்க. ஆட்டுக்குப் பேரு வைக்கிறத ஆபீசுல வச்சுக்கங்க.”

மாட்டிவைத்த ரிப்போர்ட்

சேகர் திருப்பரங்குன்றத்தில் மெஸ் வைத்திருப்பவர். ‘வெள்ளாட்டுக் கறி மட்டும்’ என்று வாசலில் போர்டு. யாரோ வாட்ஸ்அப்பில், அங்கே போடுவது செம்மறி என்று பேசி அனுப்பிவிட்டார்கள். எங்கள் ஊரில் செம்மறி தின்பது குற்றமில்லை. வெள்ளாடு என்று நம்பவைத்துச் செம்மறியைப் போட்டால் யாரும் மன்னிக்க மாட்டார்கள். பாதி மேஜை காலி. எழுமலையிலிருந்து வந்து வேலை பார்க்கும் சமையல் மாஸ்டரிடம், இந்த மாதத்தோடு ஊருக்குப் போய்விடுங்கள் என்று சொல்லியாகிவிட்டது. இப்படியே போனால் கடையையும் பூட்ட வேண்டியதுதான் என்றார்.

அவர் கொண்டுவந்த கறி காப்ரா ஹிர்கஸ் என்றே வந்தது. ரிப்போர்ட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிட்டார். ஆடுதான் என்றால் ஆடு என்று எழுத வேண்டியதுதானே, வாயில் நுழையாத பெயர் எதற்கு, எதையோ மறைக்கிறார்கள் என்று பேச்சாம். தமிழில் எழுதித் தரச் சொன்னார். எங்களுக்கு அந்த வழக்கமில்லை.

எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. டப்பாவில் வந்தது வெள்ளாடு, சரி. டப்பாவை நிரப்பியது யார்? ‘கொண்டுவந்த சாம்பிளுக்கு மட்டும்’ என்று ரிப்போர்ட்டின் அடியில் இருக்கும் வரியைக் காட்டினேன். சேகர் ரிப்போர்ட்டை என் பக்கம் தள்ளினார்.

“அப்ப நீங்களே வந்து எடுத்துக்கங்கண்ணே. நான் சட்டிப் பக்கமே வரல.”

எந்தச் சட்டி

சொல்லாமல் ஒரு மதியம் போனேன். ஏழெட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர். தினமும் வருவார், தினமும் சந்தேகப்படுவார், தினமும் சாப்பிடுவார். பரிசோதனைக் கூடத்திலிருந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு டப்பாவோடு அடுப்படிக்குள் நுழையப்போன என்னைக் கை காட்டி நிறுத்தினார். நீங்கள் வருவது தெரிந்து நல்ல கறியாகப் போட்டு வைத்திருப்பான் என்றார். நானும் சரியாக அதையேதான் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். தன் இலையிலிருந்து பாதி கடித்த சுக்காத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். கடை முழுக்க அதுதான் நியாயம் என்று தலையாட்டியது. வாங்கிக்கொண்டேன்.

“இதக் கொண்டு போங்க சார். என் வாய்க்குள்ள இருந்து வந்தத எவன் மாத்துவான்?”

இரண்டாவது பெயர்

சோதனை செய்யும் மேடம் என்னை உள்ளே கூப்பிட்டார். என்னைவிட இருபது வயது சின்னவர். காப்ரா ஹிர்கஸ் வந்திருக்கிறது, கூடவே ஹோமோ சேப்பியன்ஸ் வந்திருக்கிறது என்றார். அதாவது மனிதன். இது சேகர் கடைச் சுவரில் தொங்கினால் யாராவது போனில் தேடிப் பார்ப்பார்கள். செம்மறிக்கே பாதி மேஜை காலியான கடை. அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடுங்கள் மேடம் என்று கெஞ்சினேன். எச்சில் பட்ட துண்டு என்று ஒரு குறிப்பு சேர்க்கிறேன், வரியை எடுக்க மாட்டேன் என்றார்.

“இருக்குறத இல்லன்னு எழுதுனா, அந்த வாட்ஸ்அப்புக்காரருக்கும் நமக்கும் என்ன சார் வித்தியாசம்?”

கண்டக்டர் படித்தது

ரிப்போர்ட்டை நானே கொண்டு போனேன். சேகர் கையில் கொடுப்பதற்குள் கண்டக்டர் வாங்கிவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாகப் படித்தார்.

“ரெண்டாவதா ஒரு பேரு கெடக்கே, அது என்ன ஆடு?”

சேகர் முகம் கறுத்துவிட்டது. சொல்லாமல் திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். “அது ஆடு இல்லண்ணே, மனுசன். நீங்க கடிச்சுக் குடுத்தீங்கல்ல? அது நீங்கதான்” என்றேன்.

ஒருத்தரும் மெல்லவில்லை. யாராவது எழுந்து இலையை மூடுவார்கள் என்று காத்திருந்தேன். கண்டக்டர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாக்கால் பல்லைத் துழாவினார். பிறகு கடைக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

“ஏப்பா, எம் பல்லு பட்டதயே புடிச்சிருக்காக, செம்மறியவா விட்டுருவாக? சேகரு, மாஸ்டர ஊருக்கு அனுப்பாத, இன்னொரு சுக்கா கொண்டா!”

ஹோமோ சேப்பியன்ஸ் என்றால் அறிவுள்ள மனிதன் என்று அர்த்தமாம். கண்டக்டரையும் என்னையும் வைத்துப் பார்க்கும்போது, அந்த ரிப்போர்ட்டில் எனக்கு இன்னும் சந்தேகமாக இருப்பது அந்த வரி ஒன்றுதான்.