கோட்டு ரூம் பூட்டு

டோக்கன் அக்காவைப் பத்திச் சொல்றதுக்கு முன்னாடி என்னைப் பத்தி ஒண்ணு சொல்லிடுறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்யாணமான மூணாம் நாளே என் வீட்டுக்காரர் இதைக் கண்டுபிடிச்சுட்டார். இந்தக் கதையில நடந்த கெட்டதுல பாதி என் வாயால நடந்தது. பின்னாடி யாரும் என்னைக் கேக்கக் கூடாதுன்னு இப்பவே சொல்லி வெக்கிறேன்.

எங்க அரங்கத்துல குளிர்காலம் மூணு மாசம்தான் கூட்டம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஆனா குடும்பம் குடும்பமா வந்து இறங்குவாங்க. வராந்தாவுல ஓவியக் கண்காட்சி இருக்கும். அதைச் சுத்தி வந்து, புரிஞ்ச மாதிரி தலையை ஆட்டிட்டு, என் கேன்டீன்ல சூடா சூப்பும் கேக்கும் சாப்பிட்டுட்டு, மூணு மணிக்கு மாடியில நாடகமோ டான்ஸோ பார்க்கப் போவாங்க. போறதுக்கு முன்னாடி கோட்டைக் கழட்டி, என் கடைக்கு எதிர்ல இருக்குற கோட்டு ரூம்ல குடுத்துட்டு ஒரு பித்தளை டோக்கன் வாங்கிக்கணும். அந்த டோக்கனைக் குடுக்குறவதான் அக்கா. கூடப் பொறந்தவ இல்ல. ஆனா எனக்குக் கூடப் பொறந்ததுங்களை விட இவ மேல பாசம் அதிகம்.

அக்காவுக்குப் பதினொரு குளிர்காலம் இதே ரூம். இருநூத்தி அறுபது கொக்கி, ஒரு ஸ்டூல், கோட்டுல தூசி தட்ட ஒரு பிரஷ். ஜன்னல் கிடையாது. கோட்டு வாங்குற இடத்துல ஒரு கம்பி அடைப்பு, பக்கத்துல ஒரு கதவு. ஷோ ஆரம்பிச்சதும் மேனேஜர் வருவார். அக்காவை உள்ள வெச்சுக் கதவை வெளியில பூட்டுவார். சாவியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு மாடிக்குப் போயிடுவார். ஷோ முடிஞ்சுதான் திறப்பார். இதனால அக்கா காலையில குடிச்ச டீயோட சரி, அதுக்கப்புறம் சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டா.

இது யார் போட்ட சட்டம்னு நினைக்கிறீங்க? சாட்சாத் அக்காவே போட்டது. அவ வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு அம்மாவோட ரோமக் காலர் வெச்ச கோட்டு காணாமப் போச்சு. மேனேஜர் அக்காவை மேலயும் கீழயும் பார்த்தார். அக்காவுக்குக் கோவம் சுர்ருன்னு ஏறிடுச்சு. "என் மேல சந்தேகம்னா என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போங்க சார்"னு சொல்லிட்டா. கோவத்துல யாரும் சொல்றதுதானே. இந்த மனுஷன் மறுநாள் நிஜமாவே பூட்டு வாங்கிட்டு வந்துட்டார். நாலு நாள் கழிச்சு கோட்டு அந்தம்மா கார் பின்சீட்லயே கிடந்துச்சாம். அதுக்காகப் பூட்டு போகுமா என்ன? வர்றவங்க எல்லாம் "ரொம்பப் பத்திரமா இருக்கே"ன்னு பாராட்டினாங்க, பூட்டு நிரந்தரமாயிடுச்சு. "தீப்பிடிச்சா என்னக்கா பண்ணுவ?"ன்னு கேட்டிருக்கேன். "கோட்டெல்லாம் இருக்கே, குளிராது"ன்னு சொல்லிச் சிரிச்சா. நல்ல ஜோக்கு.

அக்காவுக்கு ஒரே பொண்ணு. எட்டு வயசுல இருந்து டான்ஸ் கத்துக்குறா. அவ மேடையில ஆடி அக்கா ஒரு தடவை கூடப் பார்த்ததில்ல. குளிர்காலம் பூரா வேலை, லீவு கேட்டா "வேற ஆளைப் பார்த்துக்குறேன்"னு பதில் வரும். வேற மாசத்துல இந்த ஊர்ல யாரும் ஆட மாட்டாங்க. போன மாசம் அந்தப் பொண்ணுக்கு எங்க அரங்கத்துலயே தனியா ஆடச் சான்ஸ் வந்துச்சு. பன்னெண்டு நிமிஷம். நாலு மணி பத்துக்கு. அம்மா மாடிக்கு வந்தாப் போதும், மூணாவது வரிசையில ஓர சீட்டு எடுத்து வெச்சுட்டா.

அக்கா ஒரு வாரம் ஒத்திகை பார்த்துக்கிட்டுப் போய் மேனேஜர்கிட்டக் கேட்டா. அவரும் நல்ல மூடுல இருந்தார். "அதுக்கென்னம்மா, நாலு மணிக்கு நானே வந்து திறக்குறேன். கேன்டீன்காரம்மா கால் மணி நேரம் பார்த்துக்கட்டும்"னார். அன்னைக்கு அக்கா ஊதா கலர்ல புதுச் சேலை கட்டிக்கிட்டு வந்தா. தலையை ரெண்டு தடவை பின்னிப் பார்த்தாளாம். வழக்கம் போல மூணு மணிக்கு உள்ள போய் நின்னா, மேனேஜர் பூட்டிட்டுப் போனார்.

நாலு ஆச்சு. ஆளைக் காணோம். நாலு அஞ்சு ஆச்சு. அக்கா கம்பிக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு மாடிப்படியையே பார்த்துக்கிட்டு இருந்தா. போன் போட்டேன், அணைச்சு வெச்சிருந்தார். சூப்பை அடுப்புல அப்படியே விட்டுட்டு மாடிக்கு ஓடினேன். வாசல்ல நிக்கிற டிக்கெட் கிழிக்கிறவன் தடுத்தான். "உள்ள பெரிய மனுஷங்க வந்திருக்காங்க, மேனேஜர் நடுவுல உக்காந்திருக்கார். நடுவுல கதவைத் திறந்தா என் வேலை போயிடும்"னான். வாராவாரம் என்கிட்ட ஓசி சூப்பு குடிக்கிறவன். அந்த நன்றி கூட இல்ல.

திரும்பி வந்து கேன்டீன்ல சிலிண்டர் கழட்டுற ஸ்பேனரை எடுத்தேன். நல்லாக் கனமா இருக்கும். "தள்ளி நில்லுக்கா, ஒரே போடு"ன்னேன்.

"வேண்டாம்டி."

"பொண்ணு ஆட இன்னும் ரெண்டு நிமிஷம்தான் இருக்கு."

"பூட்டை உடைச்சா, நாளைக்கு ஒரு கையுறை காணலைன்னாலும் என் பேர்தான் அடிபடும். வேண்டாம்."

"உனக்குக் கோவமே வராதாக்கா?"ன்னு கத்தினேன்.

"ஒரு தடவை வந்துச்சு. அதான் இந்தப் பூட்டு"ன்னா.

சொல்லி வாய மூடல, மேல சத்தம் கேட்டுச்சு. கோட்டு ரூமுக்கு நேர் மேலதான் மேடை. பலகையில பாதம் விழுறது தட் தட்டுன்னு கீழ இறங்குச்சு, கூடவே தூசியும் இறங்குச்சு. அக்கா கோட்டுங்க நடுவுல நின்னு அண்ணாந்து பார்த்தா. சத்தம் இடது பக்கம் போனா இவளும் ரெண்டு எட்டு இடது பக்கம் போவா. வலது பக்கம் வந்தா கூடவே வருவா. கண்ணுல தூசி விழுந்தும் தலையைக் குனியல. பன்னெண்டு நிமிஷமும் நான் அந்த ஸ்பேனரைக் கையில வெச்சுக்கிட்டு மரம் மாதிரி நின்னேன். இன்னொரு தடவை அப்படி நிக்க என்னால முடியாது.

கை தட்டி ஓஞ்ச பிறகும் யாரும் வரல. ஷோ முழுசா முடிஞ்சுதான் மேனேஜர் ஓடி வந்தார். "அடடா, சுத்தமா மறந்துட்டேம்மா, மன்னிச்சுக்கோ"ன்னுட்டுத் திறந்தார். அதுக்குள்ள கூட்டம் டோக்கனை நீட்டிக்கிட்டு நின்னுச்சு. அக்கா அத்தனை கோட்டையும் எடுத்து எடுத்துக் குடுத்தா. ஒண்ணு கூட மாறல.

எல்லாரும் போன பிறகு பொண்ணு வந்தா. மேக்கப் கூடக் கலைக்கல.

"சீட்டு காலியாவே இருந்துச்சேம்மா."

"இடுப்பு புடிச்சுக்கிச்சுடி. மாடி ஏற முடியல."

"பரவால்லம்மா"ன்னா. எத்தனையோ வருஷமாச் சொல்லிப் பழகின பரவால்ல அது. அந்த முகத்தைப் பார்த்தேன், என்னால அடக்க முடியல.

"இடுப்பாவது கழுத்தாவது. உங்கம்மாவை உள்ள வெச்சுப் பூட்டியிருந்தாங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பூட்டுறாங்க"ன்னு போட்டு உடைச்சுட்டேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையில நான் அங்கயே செத்துட்டேன். பொண்ணுக்கு இது எதுவும் தெரியாது போல. கதவுல தொங்குன பூட்டைக் கையில எடுத்துப் பார்த்தா. "எத்தனை வருஷமா?"ன்னு கேட்டா. "பதினொண்ணு"ன்னு அதையும் நான்தான் சொன்னேன்.

அவ நேரா மேனேஜர் ரூமுக்குப் போனா. அங்க போட்ட சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டுச்சு. இன்னும் நாலு ஞாயித்துக்கிழமை எங்க அரங்கத்துல ஆடுறதா கையெழுத்துப் போட்டிருந்தாளாம். அந்தக் காகிதத்தை அவர் மேஜையிலயே கிழிச்சுப் போட்டுட்டு, "எங்கம்மாவைப் பூட்டி வெச்சுட்டு அவ தலை மேல நான் ஆட மாட்டேன்"ன்னுட்டு வந்துட்டா. ஒரு வாரத்துல ஊருக்கு அந்தப் பக்கம் இருக்குற வேற அரங்கத்துல சேர்ந்துட்டா. ஞாயித்துக்கிழமைதான். அக்காவுக்கு இங்க வேலை இருக்குற அதே மூணு மணி ஷோ.

மேனேஜருக்கும் வெக்கம் வந்துச்சோ, பயம்தானோ, மறு வாரமே பூட்டைக் கழட்டிட்டார். "இனிமே ஷோ நடக்குறப்ப கேன்டீன்காரம்மாவை உக்கார வெச்சுட்டு நீ மேல போய்ப் பார்க்கலாம்மா"ன்னு அவரே சொன்னார்.

மூணு வாரம் அக்கா என்கூடப் பேசல. நேத்துதான் நானா போய்க் கதவுக்கிட்ட நின்னேன். அக்கா ஸ்டூல்ல உக்காந்திருந்தா. மேல யாரோ ஆடிக்கிட்டு இருந்தாங்க.

"போய்ப் பாரேன்க்கா. நான் இருக்கேன்."

"யாரோ ஆடுறதைப் பார்த்து நான் என்ன பண்ண?"

"பொண்ணு வீட்ல பேசுறாளா?"

"பேசுறா. சோறு போட்டுக் குடுக்குறா. ஏன் சொல்லலைன்னு மட்டும் தினம் கேக்குறா. முந்தியெல்லாம் ஏன் வரலைன்னு கேப்பா, அதுக்குக் கையில ஒரு பொய் இருந்துச்சு. இதுக்கு ஒண்ணும் இல்ல."

வாய் நீளமா இருக்குறவளுக்குத் தேவைப்படுறப்ப ஒண்ணும் வராது. என்னை மன்னிச்சுடுக்கான்னேன். அக்கா அதைக் காதுல வாங்கின மாதிரி தெரியல. பிரஷை எடுத்து மடியில வெச்சுக்கிட்டா.

"குளிர் உள்ள வருது"ன்னா. "கதவைச் சாத்திட்டுப் போ."

சாத்திட்டுத்தான் வந்தேன்.