வளையல் கை மாறிய நாள்

கஞ்சி வடிக்கும்போது பகல்கனவு காணக்கூடாது. நான் கண்டேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்து வரிசை வீட்டில், ஏழு மாத வயிற்றோடு, பிள்ளைக்கு யார் மூக்கு வரும் என்று யோசித்துக்கொண்டே பானையைச் சாய்த்தேன். என் மூக்கு மட்டும் வேண்டாம் என்று சாமியிடம் சொல்லியிருந்தேன், அது வேறு கதை. மூடி நழுவி, கொதிக்கிற கஞ்சி வலது மணிக்கட்டில் கொட்டிவிட்டது.

அந்த மணிக்கட்டு நிறையக் கண்ணாடி வளையல். போன வாரம்தான் வளைகாப்பு. அம்மா கடலுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் லயத்துப் பெண்களே ஆளுக்கொன்றாகப் போட்டுவிட்டார்கள். பிள்ளை பிறக்கும்வரை கழற்றக்கூடாது.

நான் அலறியதும் பக்கத்து வீட்டு அக்கா கிண்ணத்தில் கீச்சாப்போடு, அதுதான் கறுப்பு சோயா சாறு, ஓடிவந்தாள்.

"இதத் தடவு, எரிச்சல் அடங்கிரும் லா."

"எதையாச்சும் தடவு, தண்ணி மட்டும் படக்கூடாது, கொப்புளிச்சிரும்!" என்றார் மாமியார்.

நல்லவேளை, ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் அந்த வழியாகச் சைக்கிளில் போனார். புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர். எங்களுக்கு அவர்தான் டாக்டர்.

"ஒண்ணும் பூசாதீங்க! கையக் குழாய்க்குக் கீழ பிடிம்மா. வளையலக் கழட்டுங்க, சீக்கிரம். வீங்கிருச்சுன்னா இறுக்கிப் பிடிச்சுக் கையே போயிரும்."

"பிள்ளைத்தாச்சி வளையலையா? என் பேரப்பிள்ளைக்கு ஏதாச்சும் ஆனா?" மாமியார் என் கையை மறைத்துக்கொண்டு நின்றார்.

"கை போனா அந்தப் பேரப்பிள்ளைய இவ எப்படித் தூக்குவா?"

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. ஒற்றைக் கையால் பிள்ளையை எப்படிக் குளிப்பாட்டுவது?

பொதுக் குழாயில் வாளி வரிசை. முன்னால் நின்றவள், "என் வாளி பாதிதான் ரொம்பிருக்கு" என்று ஆரம்பித்து, என் கையைப் பார்த்ததும் வாளியைக் காலாலேயே தள்ளிவிட்டாள்.

"இருபது நிமிஷம் அப்படியே பிடி" என்றார் டிரெஸ்ஸர். எனக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. "சரி, கிள்ளான் ரயில் போற வரைக்கும் பிடி."

தண்ணீர் விழ விழ எரிச்சல் எங்கேயோ தள்ளிப் போனது. எஞ்சின் புகை வெயிலில் பொன்னாக மிதந்தது. கப்பலில் வந்த நாளைப்போல உடம்பு மெல்ல ஆடியது. பேச்சுக்குரல்கள் தூரத்தில் கேட்டன.

"கழட்டுனாத்தானே தப்பு, மாமி? இந்தக் கையிலேர்ந்து அந்தக் கைக்கு மாத்துனா?" அது அக்கா.



"மாத்தக்கூடாதுன்னு யாரும் சொன்னதில்ல" என்றார் மாமியார். சவர்க்காரத்தை அவரே எடுத்துவந்தார். வெந்த இடத்தில் படாமல் என் விரல்களில் நுரைக்கத் தேய்த்து, ஒவ்வொன்றாக உருவி இடது கையில் ஏற்றினார். ஒன்றுகூட உடையவில்லை. ஒவ்வொன்று ஏறும்போதும் கிணுங் என்றது. உள்ளே பிள்ளை எட்டி உதைத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வெந்த கையோட சிரிக்கிறா பாரு!" என்றாள் அக்கா.

கிள்ளான் ரயில் கூவிக்கொண்டு போனது. டிரெஸ்ஸர், "கொப்புளம் வந்தா உடைக்காதீங்க" என்று சொல்லி, சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றிவிட்டார். மாலைக்குள் மணிக்கட்டு கொழுக்கட்டைபோல வீங்கிவிட்டது. மாமியார் அதைப் பார்த்தார், இடது கை வளையலைப் பார்த்தார், எனக்குச் சோறு ஊட்டினார். அக்காவின் கீச்சாப் மீன் பொரியலுக்குப் போனது.

மகள் பிறந்தாள். என் மூக்கேதான். வலது கையால் வாரி எடுத்தேன். இடது கை முழங்கைவரை குலுங்கியது. அந்தச் சத்தம் வந்த பக்கம் அவள் திரும்பிப் பார்த்தாள்.