கரண்ட் போனால் 1980

ஓசூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் பிரஸ் மெஷின்களுக்குக் கன்ட்ரோல் பெட்டி செய்தார்கள். அதற்குப் புரோகிராம் எழுதுவது என் வேலை. மெஷினில் மேலிருந்து இறங்கித் தகட்டை அழுத்தும் ராம் எவ்வளவு இறங்கலாம் என்ற அளவுகள் ஒரு கோப்பில் இருக்கும். அதைப் படித்து கம்ப்யூட்டரே இன்னொரு கோப்பை உண்டாக்கும். மெஷினுக்குப் போவது அந்த இரண்டாவது கோப்புதான். அளவுக் கோப்பின் தேதி அதைவிடப் புதிதாக இருந்தால்தான் மறுபடி உண்டாக்கும். இல்லையென்றால் பழையதே போகும். தேதியைத் தவிர அந்தச் சனியனுக்கு வேறு எதுவும் தெரியாது.

கம்ப்யூட்டருக்குள் தேதியைக் காக்கும் பேட்டரியோ செத்துப்போயிருந்தது. கரண்ட் போய் வந்தால் 1980 ஜனவரி ஒன்று என்று காட்டி, சரியான தேதியைக் கேட்கும். எல்லோரும் என்டரைத் தட்டிவிட்டுப் போவார்கள். பேட்டரி கேட்டேன், வரவில்லை. உண்டாக்கிய கோப்பை அழித்துவிட்டு ஓட்டுங்கள் என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அதன்மேல் காலண்டரை மாட்டினார்கள்.

நான் பர்கூர் போயிருந்த ஒருநாள் கரண்ட் போய் வந்தது. சூப்பர்வைசர் என்டரைத் தட்டிவிட்டு அளவைக் குறைத்து வைத்தார். அந்தக் கோப்பின் தேதி 1980 என்று விழுந்தது. மெஷினுக்குப் பழைய அளவே போனது. டெஸ்டிங்கில் ராம் அதிகமாக இறங்கி, அடியில் இருந்த டை என்ற அச்சை உடைத்தது.

பட்டனை அழுத்திய ஆபரேட்டர் தேன்கனிக்கோட்டைக்காரன். அந்த மாதம் பர்மனன்ட் ஆகவேண்டியவன்.

மேனேஜரிடம் இரண்டு தேதிகளையும் காட்டினேன்.

"இதுல எண்பதுன்னு இருக்கு பாருங்க சார். அதான் புது அளவ எடுக்கல."

"எண்பதுல இந்த ஃபேக்டரியே இல்லியேப்பா!" என்று மேனேஜர் சிரித்தார்.

"நான் புது அளவத்தான் போட்டேன் சார், ஸ்கிரீன்லயே இருக்குது. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? இவன்தான் எதையோ அமுக்கிட்டான்," என்றார் சூப்பர்வைசர்.

"பச்ச பட்டன் ஒண்ணுதான சார் இருக்குது. வேற என்னாத்த அமுக்கறது?" என்றான் ஆபரேட்டர்.

கத்தினேன். கத்தி என்ன பயன்? அன்றே அவனைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். போகும்போது என்னிடம் வந்தான்.

"அண்ணா, அந்த ஃபைல ஒரு வாட்டி காட்டுங்கண்ணா."

காட்டினேன். தேதியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எண்பதுல நான் மாடு மேய்ச்சிக்கினு இருந்தேன்ணா."

அப்போது கரண்ட் போனது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பிவிட்டான். கேட் வரை கூடவே போனேன். திரும்பி வந்தபோது கரண்ட் வந்திருந்தது. யாரோ என்டரைத் தட்டியிருந்தார்கள்.