மிக்கேல் சம்மனசின் காலடி முகம்

புதுக்கடைக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில் யூஜின் கோயில்பிள்ளை. கோயிலைத் திறந்து பூட்டுவதும் மணியடிப்பதும் அவர் வேலை. மீதி நேரத்தில் தம் முன்னோரைப் பற்றிப் பேசுவார். பீடத்துக்கு மேலே தொங்கிய, தேவதூதரான மிக்கேல் சம்மனசின் படத்தில், சம்மனசின் காலடியில் மங்கலாக ஒரு முகம் உண்டு. மெழுகுதிரிப் புகை அப்பி, தலைப்பாகையும் மூக்கும் தாடியும்தான் தெரியும். காசு கொடுத்துப் படத்தை வரையவைத்த புண்ணியவான் அவர் என்பதும், அவர் தன் பாட்டனுக்குப் பாட்டன் என்பதும் யூஜினின் கட்சி. மூக்கே சாட்சி. மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தபோது, பாஸ்போர்ட் போட்டோவுக்கு அந்த முகத்தைப் போலவே சரிந்து நின்று, போட்டோ செல்லாதென்று திரும்பி வந்த ஆள் அவர்.

மீன் விற்கும் வியாகுலம்மாளும் அதே முகத்துக்கு உரிமை கோரினாள். அவள் அண்ணன்மாருடைய தாடி சாட்சி. விஷயம் சின்னதல்ல. முகத்துக்குச் சொந்தக்காரர்தான் திருவிழாத் தேரில் முதல் வடம் பிடிப்பார் என்று கோயில் கமிட்டி சொல்லிவிட்டது. படத்தைச் சுத்தம் செய்து பார்த்துவிடலாம் என்றார் பங்குச்சாமியார்.

அதற்கு வந்தவள் பழைய படங்களைப் பழுதுபார்க்கும் குலசேகரத்துக்காரி ஜெப்சி, சி.எஸ்.ஐ. சபை. பஞ்சை நாக்கில் நனைத்துச் சம்மனசின் கன்னத்தைத் துடைத்தாள். யூஜினுக்கு உயிரே போய்விட்டது. அழுக்கைக் கரைக்கும் சத்து எச்சிலில் உண்டு, உலகமெங்கும் இப்படிச் செய்கிறார்கள் என்று அவள் விளக்கினாள். சி.எஸ்.ஐ. எச்சில் கத்தோலிக்கச் சம்மனசில் படலாமா என்பதே யூஜினின் கவலை. அப்படியானால் நீங்களே துப்பித் தாருங்கள் என்றாள். மறுநாள் அவர் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, வெற்றிலை போடாமல் வந்தார்.

காலடி முகத்துக்கு எச்சில் போதவில்லை. அங்கே யாரோ எப்போதோ தோல் பசையைப் பூசியிருந்தார்கள். பசையைத் தின்னும் பாக்டீரியாவைக் கூழில் கலந்து சனிக்கிழமை அப்பினாள் ஜெப்சி. ஞாயிறு காலையில் வழித்தெடுக்க வேண்டும், விட்டால், பிற்காலத்தில் யாராவது பசையில் குழைத்துத் தீட்டிய வண்ணம் இருந்தால் அதையும் தின்றுவிடும் என்றாள்.

பூசை முடிந்து ஏணியோடு வந்தவளை யூஜின் மறித்தார். அந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு வள்ளமும் கடலில் இறங்காது.

"கடல்ல மீன் துள்ளுனாலும் நாங்க இன்னைக்கு போவ மாட்டோம், மோளே. கோயிலுக்குள்ள வேலையா?"

"நாம சும்மா இருக்கலாம் அண்ணே. அதுவ சும்மா இருக்காதே."

"ஞானஸ்நானம் வாங்காததுவ. அதுவ வேலை செஞ்சா நமக்குப் பாவமில்ல."

ஏணி அறைக்குள் பூட்டப்பட்டது.

திங்களன்று கூழை வழித்தபோது தாடி போயிருந்தது. தலைப்பாகையும் போய், அந்த இடத்தில் இரண்டு கொம்பு. கீழே ஒரு வால். சம்மனசின் காலடியில் இருந்தது புண்ணியவான் அல்ல, அவர் மிதித்துக்கொண்டிருந்த பசாசு. பசாசைப் பார்க்கச் சகிக்காமல் யாரோ ஒருவர்தான் அதற்குத் தாடியும் தலைப்பாகையும் வைத்து மனிதனாக்கியிருக்க வேண்டும். மூக்கு மட்டும் ஆதியிலிருந்தே அசல்.

வியாகுலம்மாள் நெடுநேரம் அண்ணாந்து பார்த்தாள். பிறகு தாராள மனதோடு சொன்னாள்.

"எங்களுக்கு தாடிதான் ஆதாரம், அது போச்சு. மூக்கு ஒனக்குள்ளதுதான் மக்கா. நீயே வச்சுக்க."

உரிமையை விடுகிறாரா என்று கமிட்டி யூஜினிடம் கேட்டது. விட்டால் வடம் போய்விடும். விடாவிட்டால் பாட்டன் பசாசு. அவர் ஒரு நாள் தவணை கேட்டார். மறுநாள் சலவைச் சட்டை போட்டுக் கமிட்டி முன் வந்தார். பசாசைப் பார்த்து வரைய மாதிரிக்கு ஒரு முகம் தேடியபோது ஊரே ஓடி ஒளிந்ததாகவும், தன் பாட்டன் ஒருவரே துணிந்து தலையைக் கொடுத்ததாகவும் சொன்னார். ஆதாரம் கேட்டார்கள்.

"சம்மனசு காலைத் தலையில தாங்குன குடும்பம் இந்த ஊருல வேற உண்டுன்னா, அவிய வந்து வடம் பிடிக்கட்டு."

யாரும் வரவில்லை.

திருவிழாவன்று யூஜின் முதல் வடத்தைப் பிடித்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. பின்னால் இழுக்க நின்ற பிள்ளைகளிடம் வியாகுலம்மாள் சொன்னது அவர் காதிலும் விழுந்தது.

"ஏலே, பாத்து இழுங்க. அண்ணன் வாலை மிதிச்சிராதிய."

அவர் திரும்பவில்லை. தேர் நகர்ந்தது.