திருவிருந்துக்கு முன் கும்மிடிப்பூண்டி: நான்கு வண்டி, ஒரு கேள்வி

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று கடம்பத்தூரில் கிளம்பும்போதே என் மனைவியிடம் சொல்லிவிட்டேன். பேருந்தில் உட்கார இடம் கிடைக்காது, தொழிற்பேட்டையில் லாரி குறுக்கே நிற்கும், தம்பி முகம் கொடுக்க மாட்டான். மூன்றும் அப்படியே நடந்தன. எட்டாவதோடு படிப்பை விட்டவன்தான், ஆனால் என் வாய் சொல்லி எதுவும் பொய்த்ததில்லை.

என் தம்பி தாஸ் கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலைத் தொழிலாளி. போன ஞாயிறு அவன் மகள் பியூலாவுக்கு முதல் திருவிருந்து. யாரோடாவது பகை இருந்தால் எங்கள் சபையில் எழுந்து போய்த் திருவிருந்து அப்பமும் ரசமும் எடுக்க மாட்டோம். அதனால் தாஸ் மூன்று வருடமாகக் கடைசி பெஞ்சை விட்டு எழுந்ததில்லை. பகை என்னோடுதான். ஆலயத்தில் வேதபாடம் வாசித்துக்கொண்டிருந்தவன் அவன். ஊத்துக்கோட்டை ஒயின் ஷாப் வரிசையில், நீலக் கட்டம் போட்ட சட்டையோடு அவன் நின்றதைப் பார்த்தேன். ஒரு கல்யாணப் பந்தியில் சொல்லிவிட்டேன். சபை அவனை வாசிப்பிலிருந்து நிறுத்திவிட்டது. இப்போது, அப்பா எழுந்து வந்தால்தான் நானும் வருவேன் என்று பியூலா பிடிவாதம். அவள் அம்மா சனிக்கிழமை போன் செய்தாள்: "மாமா, பத்து மணிக்குள்ள வந்து அவராண்ட பேசிடுங்க. இல்லன்னா பொண்ணு எழுந்துக்க மாட்டா."

காலை 5.50க்கு ரயில், திருவள்ளூருக்கு ஐந்து ரூபாய். 6.30க்கு ஊத்துக்கோட்டைப் பேருந்து, 28 ரூபாய். நூறு பேர் இருந்திருப்பார்கள், சத்தியமாக. ஒற்றைக்காலில் நின்றபடி பைபிளைத் திறந்தேன். சபையில் தினசரி வாசிப்புக்கு ஓர் அட்டை கொடுப்பார்கள், படித்த நாளுக்கு டிக் போட வேண்டும். நான் சனிக்கிழமைதோறும் ஏழு டிக்கையும் ஒரே மூச்சில் போடுகிறவன். தாஸ் கேட்டால் பதில் வேண்டுமே என்று பதினோரு நாள் பாக்கியைப் படிக்க ஆரம்பித்தேன். ஐந்தாம் நாள் பகுதியிலேயே மாட்டிக்கொண்டேன். காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ என்கிற இடம். அதற்குப் பிறகு எழுத்து ஓடவில்லை.

7.40க்கு ஊத்துக்கோட்டை. வண்டி மாறும் இடைவெளியில் அந்த ஒயின் ஷாப்பைத் தேடினேன். கண்ணில் படவில்லை. இடம் மாற்றியிருப்பார்கள்.

பெரியபாளையம் வழியாக அடுத்த பேருந்து, 32 ரூபாய். கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது 9.25. ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய். டிரைவர் என் மடியில் இருந்த பைபிளைப் பார்த்து, "அம்மாம் பெரிசா கீதே, முழுசா படிச்சுட்டியா பெர்சு?" என்றார். ஏழு தடவை என்றேன். "அப்ப இன்னாத்துக்கு இப்டி வேர்த்துக்கினு கீற?" என்று திருப்பிக் கேட்டார். அதற்குள் முன்னால் கம்பி ஏற்றிய ட்ரெய்லர் ஒன்று திரும்ப முடியாமல் சாலையை அடைத்து நின்றது. கிரேன் வந்தால்தான் நகரும், இறங்கி நட என்றார். மணி 9.38. ஒன்றேகால் கிலோமீட்டர். இந்த வயதில் அதைப் பதினாறு நிமிடத்தில் முடித்தவன் மாவட்டத்திலேயே நான்தான்.

தாஸ் ஆலய வாசலில், செருப்புகள் கிடக்கும் இடத்தில் நின்றிருந்தான். உள்ளே திருவிருந்துப் பாட்டு ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் வழியாகத் தெரிந்த பியூலா, வெள்ளைப் புடவையில், எழுந்திருக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய சொன்னது தப்புதான், மன்னிச்சுக்கடா" என்றேன்.

"சொன்னத வுடு. பாத்தியா, பாக்கலயா? அத மட்டும் சொல்லுண்ணா."

"கூட்டமா இருந்துச்சுடா. எத்தினியோ பேரு..."

உள்ளே பாடிய பாட்டின் ஒரு அடி முடியும்வரை என் முகத்தையே பார்த்தான். "சரி, வுடு. மன்னிச்சுட்டேன். பொண்ணு பாத்துக்கினு கீது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டார்கள். அவனுடைய கடைசி பெஞ்சு காலியாக இருந்தது. அதில் நான் உட்கார்ந்தேன். கடைசி வரை எழுந்திருக்க முடியவில்லை.

இதே வழியில் போகிறவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ஊத்துக்கோட்டையில் காலை நாஷ்டாவை முடித்துவிடுங்கள், பிறகு நேரம் கிடைக்காது. பைபிளை அன்றன்றைக்கு ஒரு பகுதியாகப் படியுங்கள். சேர்த்து வைத்துப் படித்தால் தலைக்குள் நிற்காது. மனந்திரும்புவதும் அப்படித்தான். மூன்று வருடத்தைச் சேர்த்து வைத்தால், வாசலில் கேட்ட ஒரு கேள்விக்குக்கூட வாய் வராது.

திங்கள் முதல் தினம் படிக்கிறேன். அட்டையில் நான்கு டிக், நான்கும் நிஜம். அந்தத் தைரியத்தில் மேலே எழுதியதில் ஒன்றைத் திருத்துகிறேன். நீலக் கட்டம் போட்ட சட்டை கிடையாது. வரிசை கிடையாது. அந்தக் கல்யாணத்துக்கு முந்தைய ஆறு மாதத்தில் நான் ஊத்துக்கோட்டைக்குப் போனதே இல்லை. தாஸ், நான் உன்னைப் பார்க்கவில்லை. இந்தப் பக்கத்தை உங்கள் ஆயருக்கும் அனுப்பியிருக்கிறேன்.